தலையணைக்கு அடியில் ஓர் அலாரம்

வாய் நிறையச் சோற்றை வைத்துக்கொண்டு பேசினால் வீட்டில் என்ன கிடைக்கும்? அதட்டல் கிடைக்கும். அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் ஒரு பல்கலைக்கழகம் உண்டு. அதன் உணவுக்கூடத்தில் மாணவர்கள் மென்றுகொண்டே அரட்டை அடிப்பார்கள். ஒருவரும் முகம் சுளிக்க மாட்டார். சன்னலோரம் உட்கார்ந்திருப்பவர், அந்தக் கோடியில் வரிசையில் நிற்கும் தோழியிடம் "எனக்கும் ஒரு காப்பி வாங்கி வா" என்பார். கத்தவே மாட்டார். நடுவில் சாப்பிடுகிற அத்தனை பேருக்கும் அதனால் ஒரு தொந்தரவும் இல்லை. ஏனென்றால் பேச்சு கைகளில் நடக்கிறது. சங்கடம் வேறு பக்கமிருந்து வரும். ஒரு கையில் ரொட்டி இருந்தால் மற்றக் கையை மட்டும் வைத்துப் பேசிச் சமாளிக்க வேண்டும்.

கேலடெட் பல்கலைக்கழகம் என்று பெயர். காது கேளாத மாணவர்களுக்காகவே நடப்பது. 1864இல், உள்நாட்டுப் போரின் நடுவே, ஆபிரகாம் லிங்கன் கையெழுத்திட்ட சட்டம் ஒன்றால் இங்கே பட்டம் கொடுக்கும் உரிமை வந்தது. ஆனால் தலைமைப் பொறுப்பில் மட்டும் எப்போதும் காது கேட்பவர்களே இருந்தார்கள். 1988 மார்ச் மாதம் மாணவர்கள் வாயில்களை அடைத்துப் போராடினார்கள். ஒரே வாரத்தில் ஐ. கிங் ஜோர்டன் என்ற காது கேளாத பேராசிரியர் தலைவரானார். 124 ஆண்டு காத்திருப்பு, ஒரு வாரத்தில் முடிந்தது!

இங்கே படிக்கும் ஒரு மாணவியை நாம் கற்பனை செய்துகொள்வோம். பெயரெல்லாம் வேண்டாம், அக்கா என்றே அழைப்போம். அக்காவின் ஒரு நாளைக் கூடவே போய்ப் பார்த்தால் இயற்பியல், உயிரியல், வானியல் என்று எல்லாப் பாடமும் வந்துவிடும். எதுவும் தேர்வுக்கு வராது, பயப்படாதீர்கள்.

காலை 7 மணி. அக்காவின் அலாரம் அடிக்காது, உலுக்கும். தலையணைக்கு அடியில் வட்டமாக ஒரு கருவி இருக்கிறது; கம்பி வழியாகக் கடிகாரத்தோடு இணைந்தது. அதற்குள் ஒரு சின்ன மோட்டார். மோட்டாரின் அச்சில் ஓர் எடையை வேண்டுமென்றே ஒரு பக்கமாகச் சாய்த்துப் பொருத்தியிருப்பார்கள். நடுவில் பொருத்தினால் அது அமைதியாகச் சுற்றும். ஒரு பக்கம் கனமாக இருப்பதால் ஒவ்வொரு சுற்றிலும் கருவியையே இங்கும் அங்கும் இழுக்கும். பல கைப்பேசிகள் அதிர்வதும் இதே ஏற்பாட்டால்தான். தலையணைக் கருவியில் எடை கூடுதல், அவ்வளவே. மெத்தையே ஆடும். "அலாரம் கேட்கவில்லை" என்று சாக்குச் சொல்லி வகுப்புக்குத் தாமதமாகப் போக அக்காவால் முடியாது, பாவம்.

அந்த உலுக்கலை யார் பிடிக்கிறார்கள்? தோலுக்கு அடியில் அடுக்கடுக்கான படலங்களால் ஆன, ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் நீளமுள்ள உணரிகள் இருக்கின்றன. பாசினி உணரிகள் என்று பெயர். நொடிக்கு 200 முதல் 300 முறை அதிர்வதை இவை மிக நுட்பமாகப் பிடிக்கும். நொடிக்கு 1,000 அதிர்வுக்கு மேல் போனால் தோல் கைவிரித்துவிடும். காது அப்படியில்லை, 20 முதல் 20,000 வரை அதற்கு எட்டும். அதனால்தான் பறை, தவில், லாரி எஞ்சின் எல்லாம் உடம்பில் தெரிகின்றன; புல்லாங்குழலின் மேல் சுரம் தெரிவதில்லை. ஒரு பலூனை ஊதி இரண்டு கையாலும் லேசாகப் பிடித்துக்கொண்டு, பாட்டு ஓடும் ஒலிபெருக்கிக்கு எதிரில் நின்று பாருங்கள். பாட்டின் தாளம் உள்ளங்கைக்கு வந்து சேரும். கண்ணை மூடிக்கொண்டால் இன்னும் நன்றாக.

ஸ்காட்லாந்தைச் சேர்ந்த எவலின் கிளென்னி உலகப் புகழ்பெற்ற தாளக் கலைஞர். 12 வயதிலேயே அவருக்குக் கேட்கும் திறன் பெரும்பாலும் போய்விட்டது. செருப்பில்லாமல் மேடை ஏறுவார். பாதத்தாலும் உடம்பாலும் அதிர்வை வாங்கிக்கொள்வார். 2012 லண்டன் ஒலிம்பிக் தொடக்க விழாவில் முரசு வாசித்தவர்களில் அவரும் ஒருவர்.

இதைவிட வியப்பான ஒன்று மூளைக்குள் நடக்கிறது. 2001இல் அமெரிக்காவில் காது கேளாத கல்லூரி மாணவர்கள் சிலரின் கையில் அதிர்வு கொடுத்து, அந்த நேரத்தில் மூளை எப்படி வேலை செய்கிறது என்று படம் எடுத்தார்கள். கேட்பவர்களுக்கு ஒலியைக் கவனிக்கும் பகுதி எதுவோ, அதே பகுதி இவர்களுக்கு அதிர்வைக் கவனித்துக்கொண்டிருந்தது. காதிலிருந்து செய்தி வராவிட்டால் அந்த இடம் சும்மா கிடக்கும் என்று நினைத்திருந்தவர்களுக்கு இது புதிய செய்தி.

அறைக் கதவுக்கு வெளியே யாரோ மணியை அழுத்துகிறார்கள். உள்ளே விளக்கு மின்னி மின்னி அணைகிறது. தீ எச்சரிக்கையும் இப்படித்தான், ஆனால் கண்ணைப் பறிக்கும் வெள்ளை வெளிச்சத்தோடு. ஏன் தொடர்ந்து எரியாமல் மின்ன வேண்டும்? நம் பார்வையின் ஓரப்பகுதி எழுத்துப் படிக்க உதவாது. மாற்றத்தையும் அசைவையும் கண்டுபிடிப்பதில் அது கெட்டி. அக்கா குனிந்து புத்தகம் படித்தாலும் கடைக்கண்ணில் அந்த மின்னல் படும். சிறு வயதிலிருந்தே சைகை மொழியில் வளர்ந்த காது கேளாதோர், ஓரப்பார்வையில் நடக்கும் அசைவை மற்றவர்களைவிட நன்றாகக் கவனிக்கிறார்கள் என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அவர்கள் கண் நம் கண்ணைவிடக் கூர்மை என்று இதற்குப் பொருளில்லை. கண் மருத்துவரின் பலகையில் எழுத்துப் படிக்கச் சொன்னால் எல்லாரையும் போலத்தான் படிப்பார்கள். கூடியிருப்பது கவனம்.

தோழியைக் கூப்பிட வேண்டுமா? தோளில் தட்டலாம், கையை வீசலாம், அறை விளக்கைப் போட்டு அணைக்கலாம். மரத்தரை என்றால் காலால் ஒரு மிதி போதும். அதிர்வு பலகை வழியே போய் அவள் காலில் சேர்ந்துவிடும். கனத்த கான்கிரீட் தரை அவ்வளவு எளிதில் அசையாது. அங்கே மிதித்தால் உங்களுக்குக் குதிகால் வலிப்பதுதான் மிச்சம்.

இப்போது வகுப்புக்குக் கிளம்புகிறார்கள். இங்கேதான் ஒரு சிக்கல். நாம் இருவர் நடந்துகொண்டே பேசும்போது ரோட்டைப் பார்த்துக்கொண்டு பேசுவோம். சைகையில் பேசுகிறவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தாக வேண்டும். அப்புறம் விளக்குக்கம்பத்தை யார் பார்ப்பது? இதற்கு எழுதப்படாத ஓர் ஒப்பந்தம் உண்டு. நான் பேசும்போது நீ என்னைப் பார்க்கிறாய். ஆகவே உன் பாதையை நான் பார்த்துக்கொள்கிறேன். பள்ளமோ படியோ வந்தால் பேச்சின் நடுவே கையைப் பிடித்து இழுத்துவிடுவார்கள். இருவரும் கைவீச இடம் வேண்டும், கைகள் முழுதாகத் தெரியும் தூரமும் வேண்டும். குறுகலான நடைபாதையில் இது நடக்காது.

கட்டடங்களை வரைகிறவர்கள் பெரும்பாலும் இதையெல்லாம் யோசிப்பதில்லை. 2005இல் ஹான்சல் பாமன் என்ற கட்டடக் கலைஞர் கேலடெட் மாணவர்களோடும் ஆசிரியர்களோடும் உட்கார்ந்து, காது கேளாதவர்களின் கண்ணோட்டத்தில் ஒரு கட்டடம் எப்படி இருக்க வேண்டும் என்று ஆராயத் தொடங்கினார். டெஃப்ஸ்பேஸ் என்று அதற்குப் பெயர். 2012இல் திறந்த மாணவர் விடுதி ஒன்று அந்த யோசனைகளோடு கட்டப்பட்டது. உள்ளே பேச்சை நிறுத்தாமல் போய்வர வசதியான அகலமான வழிகள். படிக்கட்டில் கீழே பார்த்தாக வேண்டும், சாய்தளத்தில் பார்க்க வேண்டாம், ஆகவே சாய்தளம். கைப்பிடியைத் திருகிக் கதவைத் திறக்க ஒரு கை போய்விடும், பாதிப் பேச்சும் போய்விடும். ஆகவே தானாக விலகும் கதவுகள். நாம் திருப்பத்தில் காலடிச் சத்தம் கேட்டு ஒதுங்குவோம். அவர்கள் பார்த்து ஒதுங்க வேண்டும் என்பதால் மூலைகளில் கண்ணாடி.

சுவரின் நிறத்தில்கூட அறிவியல் இருக்கிறது. கறுப்பு, மாநிறம், வெள்ளை என்று எந்த நிறக் கையானாலும் எடுப்பாகத் தெரிய, பின்னணியில் நீலமும் பச்சையும் பூசுகிறார்கள். மனிதத் தோலின் எல்லா நிறங்களும் பழுப்பு, செம்மஞ்சள் வகையைச் சேர்ந்தவை. நீலமும் பச்சையும் அவற்றிலிருந்து விலகி நிற்கும். பேசுகிறவர் பிரகாசமான சன்னலுக்கு முன்னால் நின்றால் வெறும் நிழலுருவாகத் தெரிவார். அப்படி நிழற்படம் எடுத்து ஏமாந்தவர்களுக்கு இது புரியும். இங்கே அது முணுமுணுத்துப் பேசுவதற்குச் சமம். எனக்கு மிகவும் பிடித்தது என்ன தெரியுமா? இந்தக் கட்டடத்தில் எதிரொலியையும் குறைத்திருக்கிறார்கள். காது கேளாதவர்களுக்கு எதற்கு அது என்று கேட்பீர்கள்.

காது கேளாமை என்றாலே முழு நிசப்தம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இருப்பவர்கள் குறைவு. நம் உட்காதில், நத்தை வடிவக் குழாய்க்குள், காதுக்குச் சுமார் 15,000 முடிச்செல்கள் இருக்கின்றன. ஒலி வரும்போது அவற்றின் நுனி மயிர்கள் வளையும். வளைந்ததும் நரம்புக்கு மின்செய்தி போகும். பிறவியிலேயோ காய்ச்சலாலோ பெரும் சத்தத்தாலோ இவற்றில் எவ்வளவு பழுதானதோ அவ்வளவு கேட்கும் திறன் குறையும். மனிதர்களுக்கு அழிந்த முடிச்செல் திரும்ப முளைப்பதில்லை. கோழிக்கு முளைக்கிறது! கோழிக்கு முடிவது நமக்கு ஏன் முடியவில்லை என்று ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாகத் துருவிக்கொண்டிருக்கிறார்கள். கொஞ்சம் செல்கள் மிஞ்சியிருப்பவர்கள் ஒலியைப் பெரிதாக்கும் கருவியை அணிகிறார்கள். இன்னும் சிலருக்கு, அந்தச் செல்களைத் தாண்டி நரம்பையே மின்சாரத்தால் தூண்டும் காக்ளியர் கருவியை அறுவைசிகிச்சை செய்து வைக்கிறார்கள். எந்தக் கருவியாக இருந்தாலும் எதிரொலி அதிகமுள்ள கூடத்தில் எல்லாச் சத்தமும் ஒன்றாகக் குழம்பித் தலைவலிதான் வரும். எதிரொலியைக் குறைத்தது இவர்களுக்காக.

வகுப்பறை. நாற்காலிகள் வரிசையாக இல்லாமல் லாட வடிவத்தில். எல்லாரும் எல்லாரையும் பார்க்கலாம். கடைசி பெஞ்சு என்ற ஒன்றே கிடையாது. (கடைசி பெஞ்சுக்காரர்களுக்கு என் அனுதாபம்.) இதே அக்கா வேறு கல்லூரியில், காது கேட்கிறவர்களோடு படித்திருந்தால் மொழிபெயர்ப்பாளரின் கைகளையே நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். குறிப்பெழுதக் குனிந்தால் பாடம் போய்விடும். அதனால்தான் அங்கெல்லாம் இவர்களுக்காக இன்னொருவர் குறிப்பெழுதித் தருகிறார்.

"உதட்டைப் பார்த்தே புரிந்துகொள்ளலாமே?" என்று யாராவது கேட்டால் ஒரு சோதனை செய்யச் சொல்லுங்கள். கண்ணாடி முன் நின்று, குரல் இல்லாமல், "பாலை" என்று சொல்லுங்கள். அடுத்து "மாலை". ஏதாவது வித்தியாசம் தெரிகிறதா? "படம்", "மடம்"? ப, ம இரண்டுக்கும் உதடுகள் ஒரே மாதிரி மூடித் திறக்கின்றன. மூக்கு வழியே காற்று போகிறதா இல்லையா என்பதுதான் முக்கிய வேறுபாடு. அது வெளியே தெரியாது. "காலை", "ஆலை" சொல்லிப் பாருங்கள். க என்ற ஒலி நாக்கின் பின்பக்கத்தில் பிறப்பதால் உதட்டுக்குச் செய்தியே வராது. உதட்டைப் படிப்பவர்கள் பாதிக்கு மேல் ஊகத்தால்தான் இட்டு நிரப்புகிறார்கள். எதிரில் இருப்பவருக்கு மீசை அடர்த்தி என்றால் கதை முடிந்தது.

சைகை மொழியில் இந்த ஊகம் தேவையில்லை. ஆனால் அது முழுமையான மொழி என்பதை உலகம் ஒப்புக்கொள்ளவே நீண்ட காலமாயிற்று. 1955இல் வில்லியம் ஸ்டோக்கி என்ற ஆங்கிலப் பேராசிரியர் கேலடெட்டுக்கு வந்தார். மாணவர்கள் கையசைப்பது உடைந்த ஆங்கிலம் என்றுதான் அப்போது பலரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள், கேலடெட் ஆசிரியர்கள் உட்பட. அவர் உற்றுப் பார்த்தார். நாம் எழுத்தொலிகளைச் சேர்த்துச் சொல் செய்வதற்கு ஈடாக, அங்கே கையின் வடிவம், அது இருக்கும் இடம், அது அசையும் விதம் ஆகிய மூன்றும் சேர்ந்து சொல் ஆகின்றன என்று கண்டார். ஆட்காட்டி விரலைக் கொக்கியாக மடக்கிக் கன்னத்தில் வைத்துத் திருகினால் அமெரிக்கச் சைகை மொழியில் ஆப்பிள். அதே விரல், அதே திருகல், ஆனால் கண்ணோரத்தில் என்றால் வெங்காயம்! ஸ்டோக்கி 1960இல் இதை வெளியிட்டபோது உடன் வேலை பார்த்தவர்களே கேலி செய்தார்கள். இன்று அவர் பெயரைச் சொல்லாமல் சைகை மொழியியல் பாடம் தொடங்காது.

முகமும் இலக்கணத்தில் சேர்த்தி. ஆம், இல்லை என்று பதில் வரும் கேள்விக்குப் புருவம் உயரும். யார், எங்கே, ஏன் என்றால் புருவம் சுருங்கும். ஒரு சைகை செய்ய ஆகும் நேரத்தில் வாயால் ஏறக்குறைய இரண்டு சொல் சொல்லிவிடலாம். அப்படியானால் சைகையில் கதை சொல்ல இருமடங்கு நேரம் ஆக வேண்டுமே? ஆவதில்லை. அளந்து பார்த்தபோது இரண்டும் ஏறத்தாழ ஒரே வேகம். ஒரே கணத்தில் கை ஒன்றையும் முகம் இன்னொன்றையும், கை அசையும் திசை மூன்றாவதையும் சொல்லிவிடுவதால் மிச்சப்படுகிறது. வாய்ப்பேச்சில் ஒரு சொல்லுக்குப் பின்தான் அடுத்தது வர முடியும்.

உலகம் முழுக்க ஒரே சைகை மொழி என்று நினைத்துவிடாதீர்கள். அமெரிக்கர்களும் பிரிட்டன்காரர்களும் பேசுவது ஆங்கிலம்தான், ஆனால் அவர்களின் சைகை மொழிகள் ஒன்றுக்கொன்று புரியாது. 1817இல் அமெரிக்காவில் காது கேளாதோருக்கான முதல் நிலையான பள்ளி தொடங்கியபோது, லோரான் கிளெர்க் என்ற காது கேளாத ஆசிரியர் பிரான்சிலிருந்து வந்தார். அதனால் அமெரிக்கச் சைகை மொழிக்குப் பிரெஞ்சு உறவு. ஆங்கில எழுத்துகளைக் காட்ட அமெரிக்காவில் ஒரு கை போதும். பிரிட்டனிலும் இந்தியாவிலும் இரண்டு கை வேண்டும்.

மாலை ஆட்டம். அமெரிக்கக் கால்பந்தில் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன் வீரர்கள் வட்டமாகக் குனிந்து நின்று திட்டம் பேசுவதைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். நம் கிரிக்கெட் வீரர்களும் தோளில் கைபோட்டு அப்படி நிற்பதுண்டு. 1890களில் கேலடெட் அணியின் பால் ஹப்பர்ட்தான் அமெரிக்கக் கால்பந்தில் இதைத் தொடங்கியவர் என்பார்கள். எதிரணியும் காது கேளாதோர் அணி என்றால் திட்டத்தைக் கைகளிலிருந்தே படித்துவிடுவார்களே! வட்டமாக மறைத்துக்கொண்டு பேசினால் தப்பிக்கலாம். பந்து எப்போது நகரும் என்று சொல்ல மைதான ஓரத்தில் ஒரு பெரிய முரசை அடித்ததும் உண்டு. பாசினி உணரிகள் நினைவிருக்கிறதா? 2023இல் இன்னொரு படி போனார்கள். பயிற்சியாளர் கையிலிருக்கும் கணினியில் ஓர் ஆட்டத்தைத் தேர்ந்தெடுத்தால், தலைக்கவசத்தின் உள்ளே கண்ணருகே உள்ள சின்னக் கண்ணாடியில் அது தெரியும்படி ஒரு கவசம் செய்து, உண்மையான போட்டியிலேயே போட்டு ஆடினார்கள்.

அக்காவின் ஆர்வங்களுக்கு வருவோம். எந்தக் கல்லூரி மாணவியையும் போல அவளுக்கும் மாதத்துக்கு ஒரு பைத்தியம். போன மாதம் நிழற்படம். அதற்கு முன் வீட்டிலேயே ரொட்டி சுடுவது. இந்த மாதம் வானம் பார்ப்பது. இந்தப் பைத்தியத்தில் அவளுக்கு ஒரு முன்னோடி இருக்கிறார். ஜான் குட்ரிக், இங்கிலாந்தின் யார்க் நகரத்துப் பையன். குழந்தையிலேயே காது கேட்காமல் போனவர். 1782 நவம்பரில், பெர்சியஸ் என்ற விண்மீன் கூட்டத்தில் உள்ள அல்கால் திடீரென்று மங்குவதைப் பார்த்தார். தொடர்ந்து கவனித்து, 2 நாள் 20 மணி 49 நிமிடத்துக்கு ஒருமுறை அது தவறாமல் மங்குகிறது என்று கணக்கிட்டார். இருண்ட ஏதோ ஒரு பொருள் அதைச் சுற்றி வந்து மறைக்கிறதோ என்றும் எழுதினார். அது உண்மை என்று உறுதிப்பட நூறாண்டு ஆயிற்று. இருபது வயது முடியும் முன்பே லண்டன் ராயல் சொசைட்டியின் கோப்லே பதக்கம் வாங்கினார். 21 வயதில் இறந்தும்போனார்.

அந்தச் சின்ன வாழ்க்கைக்குள் 1784இல் அவர் இன்னொன்றையும் கண்டார். செஃபியஸ் கூட்டத்து டெல்டா என்ற விண்மீனும் கூடிக் குறைந்து ஒளிர்கிறது. பிற்காலத்தில் இந்த வகை விண்மீன்களை ஆராய்ந்தவர் அமெரிக்காவின் ஹென்ரியட்டா லெவிட். அவருக்கும் காது கேட்காது. ஒருமுறை மங்கி மீண்டும் ஒளிர எடுக்கும் காலத்துக்கும் உண்மையான பிரகாசத்துக்கும் ஓர் உறவு உண்டு என்று 1912இல் காட்டினார். அதைப் பிடித்துக்கொண்டுதான் எட்வின் ஹபிள் ஆண்ட்ரொமீடா நம் பால்வீதிக்கு வெளியே இருக்கும் தனி மண்டலம் என்று நிரூபித்தார். அல்காலை நீங்களும் பார்க்கலாம். டிசம்பர், ஜனவரி மாத முன்னிரவில் வடக்கு நோக்கி நின்று அண்ணாந்து பார்த்தால் நல்ல உயரத்தில் இருக்கும்.

இரவு, அம்மாவோடு வீடியோ அழைப்பு. இணைய வேகம் குறைந்து படம் திக்கினால் அம்மாவின் விரல்கள் மங்கும், "என்ன, என்ன?" என்று புருவம் சுருங்கும். ஆனாலும் இது பெரிய வசதி. 1876இல் தொலைபேசிக்குக் காப்புரிமை வாங்கிய கிரகாம் பெல்லின் தாயாருக்கும் மனைவிக்கும் காது கேட்காது. அந்தக் கருவியால் அவர்களுக்கு ஒரு பயனும் இல்லை. ஏறக்குறைய 90 ஆண்டு கழித்து, 1964இல், ராபர்ட் வைட்பிரெக்ட் என்ற காது கேளாத இயற்பியலர் வழி கண்டார். பொழுதுபோக்காக அமெச்சூர் வானொலியில் தட்டச்சுச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தவர் அவர். தட்டச்சு இயந்திரத்தின் எழுத்துகளை இரண்டு வேறு ஒலிகளாக மாற்றி, தொலைபேசிக் கைப்பிடியை ஒரு கருவியின் மேல் வைத்து அனுப்பினார். மறுமுனையில் அந்த ஒலிகள் மீண்டும் எழுத்தாயின. நிறுவனங்கள் கழித்துப் போட்ட ராட்சத டெலிபிரிண்டர்களைக் காது கேளாதோர் தேடிப் பிடித்து வீட்டில் வைத்துக்கொண்டார்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள் அந்தச் சத்தத்தை எப்படிப் பொறுத்தார்களோ!

கடைசியாக, கேலடெட் மாணவர்கள் பெருமையோடு சொல்லும் ஒரு கதை. 1950களின் இறுதி. மனிதன் இன்னும் விண்வெளிக்குப் போகவில்லை. எடையற்ற நிலையில் உடம்பு என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது. அமெரிக்கக் கடற்படை மருத்துவ ஆய்வாளர் ஆஷ்டன் கிரேபீல், நாசாவோடு சேர்ந்து, கேலடெட்டிலிருந்து 11 ஆண்களைத் தேர்ந்தெடுத்தார். அவர்களில் பத்துப் பேருக்குச் சிறு வயதில் மூளைக்காய்ச்சல் வந்து காது கேட்காமல் போயிருந்தது. அந்தக் காய்ச்சல் உட்காதின் இன்னொரு பகுதியையும் கெடுத்திருந்தது.

உட்காது கேட்பதற்கு மட்டும் அல்ல. ஒன்றுக்கொன்று செங்குத்தாக மூன்று அரைவட்டக் குழாய்கள் அதில் உண்டு, உள்ளே திரவம். தலை திரும்பும்போது திரவம் பின்தங்கி, "திரும்புகிறாய்" என்று மூளைக்குச் சொல்லும். பக்கத்திலேயே பொடிக்கல் போன்ற கால்சியம் படிகங்கள் எந்தப் பக்கம் கீழே என்று சொல்லும். கொடைக்கானல் பேருந்தில் நீங்கள் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே போகிறீர்கள். கண் "அசையாமல் இருக்கிறோம்" என்கிறது. உட்காது "வளைகிறோம், வளைகிறோம்" என்கிறது. இரண்டு சாட்சியும் முரண்பட்டதும் மூளை குழம்பி, குமட்டல் வருகிறது. அந்த 11 பேருக்கும் உட்காதின் சாட்சி வரவே வராது. ஆகவே குமட்டலும் வராது. காது கேளாத எல்லாருக்கும் இப்படி என்று எண்ண வேண்டாம். பலருக்கு அந்தக் குழாய்கள் நன்றாகவே இருக்கும். நம் அக்காவுக்குக்கூட மலைப்பாதையில் வாந்தி வரலாம்.

ஏறக்குறைய பத்தாண்டு சோதனைகள். நால்வர் ஓயாமல் சுழன்றுகொண்டிருந்த 6 மீட்டர் அகல வட்ட அறையில் 12 நாள் வாழ்ந்தார்கள். அதற்குள்ளேயே சாப்பாடு, தூக்கம் எல்லாம். விமானத்தில் மேலே ஏறிக் கீழே விழுந்து எடையற்று மிதந்தார்கள். ஒருவர் நியூயார்க்கின் எம்பயர் ஸ்டேட் கட்டட மின்தூக்கியில் மேலும் கீழும் போய்வந்தார். கனடாவின் நோவா ஸ்கோஷியாக் கரைக்கு அப்பால் கொந்தளிக்கும் கடலில் கப்பலில் போனபோது நடந்ததுதான் உச்சம். அலை தூக்கிப் போட, இவர்கள் உட்கார்ந்து சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். அவர்களைச் சோதிக்க வந்த ஆய்வாளர்களால் வாந்தி தாங்க முடியவில்லை. சோதனையையே நிறுத்திவிட்டார்கள்.

உட்காதின் உதவி இல்லாமல் அவர்கள் எப்படி விழாமல் நின்றார்கள்? கண்ணும், பாதமும், மூட்டுகளும் தரும் செய்தியை வைத்துத்தான். இருட்டில், மேடுபள்ளமான தரையில் அவர்களுக்கும் தடுமாற்றம் உண்டு. சோதனைகளில் கிடைத்த அறிவு, விண்வெளியில் உடம்பு எப்படித் தன்னைப் பழக்கிக்கொள்கிறது என்று புரிந்துகொள்ள நாசாவுக்கு உதவியது. விண்வெளி வீரர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு முதல் சில நாள் குமட்டல் வருகிறது. வரவே வராத இந்த 11 பேரில் ஒருவரைக்கூட விண்வெளிக்கு அனுப்பவில்லை. வீரர்களுக்கான அன்றைய உடல்தகுதி விதிகள் இடம் கொடுக்கவில்லை. இது எனக்கு இன்றும் நியாயமாகப் படவில்லை.

2021 அக்டோபரில் ஆஸ்ட்ரோஆக்செஸ் என்ற அமைப்பு மாற்றுத்திறனாளிகள் 12 பேரை எடையற்ற நிலை தரும் விமானத்தில் ஏற்றியது. அவர்களில் காது கேளாதவர்களும் இருந்தார்கள். மிதந்துகொண்டே சைகை மொழி பேசிப் பார்ப்பதும் அவர்கள் வேலைகளில் ஒன்று. காற்றே இல்லாத வெளியில் ஒலி போகாது, வெளிச்சம் போகும். வானொலி பழுதான இரண்டு வீரர்கள் விண்கலத்துக்கு வெளியே எதிரெதிரே நின்றால், வாயால் என்ன கத்தினாலும் பயனில்லை, கை அசைத்தால் புரியும். தடித்த கையுறைக்குள் விரல் மடங்க வேண்டும், அது ஒரு பிரச்சினை. எதிரில் இருப்பவர் தலைகீழாக மிதந்தால்? ஆப்பிளும் வெங்காயமும் நினைவிருந்தால், ஒரு நண்பரைக் கட்டிலின் ஓரத்தில் தலை தொங்கப் படுக்கவைத்து இரண்டையும் செய்துகாட்டச் சொல்லிக் கண்டுபிடியுங்கள்.